சட்டை மடிச்ச கை

மணி ஆறு பத்து. சாயங்காலம்தான், ஆனா மழை இருட்டு. ஊருக்கு வெளிய போற ரிங் ரோடு... ரெண்டு பக்கமும் வரிசையா கோடவுன். ஷட்டர் எல்லாம் இறக்கியாச்சு. ஒரு விளக்குகூட எரியல. தகரக் கூரை மேல மழை விழற சத்தம் மட்டும்... தடதடதடன்னு.

யாராவது அந்தக் கதவ சாத்துங்களேன். காத்து முதுகுல அடிக்குது. ஆங்... இப்ப சொல்றேன்.

இது கட்டுக்கதை இல்ல. என் பழைய ரூம்மேட் ஒருத்தி இருந்தாள்ல, அவளோட சொந்த அக்கா கண்ணால பாத்தது. அந்த அக்கா ஒரு ஞாபக கிளினிக்ல டெக்னீஷியன். தலைல அடிபட்டு எல்லாம் மறந்து போனவங்களுக்கு ஞாபகத்தத் திருப்பி வைக்கிற இடம். முன்னாடியே ஒரு நகல் எடுத்து வெச்சிருந்தா போதும், அத அப்படியே உள்ள ஏத்திடுவாங்க. என்ன சிரிப்பு? போன் தொலைஞ்சப்போ நீ பழைய போட்டோவெல்லாம் புது போன்ல இறக்கிக்கல? அந்த மாதிரிதான். ஆனா போன் இல்ல. ஆள்.

சரி. அந்த ரிங் ரோட்டுல ஒரு ஸ்கூட்டர். அதுல ரெண்டு பொண்ணுங்க. ரெண்டு பேருக்கும் பதினேழு வயசு. ஒரே பாலிடெக்னிக், ஒரே யூனிபார்ம், ஒரே உயரம், ஒரே ஒல்லி. ஆனா சிநேகிதிங்க இல்ல. ஒருத்தி வாயாடி... பேரே அதான், வாத்தியார்கூட அப்படித்தான் கூப்பிடுவாரு. தூக்கத்துலயும் பேசுற ஜாதி. இன்னொருத்தி கமுக்கம். கேட்டாதான் பதில், அதுவும் பாதி பதில். அன்னிக்கு மழைல பஸ் வரல. ஸ்கூட்டர் வெச்சிருந்த வாயாடி, "வா, வழில விட்டுடறேன்"னு கமுக்கத்த ஏத்திக்கிட்டா. அவ்ளோதான் அவங்களுக்குள்ள இருந்த பழக்கம்.

விளக்கு போடாம ஒரு லாரி நின்னுட்டிருந்துச்சு.

ஒருத்தி அந்த இடத்துலயே போயிட்டா. முகம்னு ஒண்ணு இல்ல. பெத்தவங்க பாக்க வேணாம்னு சொல்லி, பெட்டிய மூடியே குடுத்தாங்க. இன்னொருத்தி உயிரோட இருந்தா. தாடைக்கு மேல எல்லாம் நொறுங்கி... ஆனா மூச்சு இருந்துச்சு. அவ போட்டிருந்த ஜாக்கெட் பையில அடையாள அட்ட. வாயாடியோடது.

அப்போ செத்தது கமுக்கம். அப்படித்தான் எழுதினாங்க.

கமுக்கத்தோட அம்மா தனி ஆளு. புருஷன் இல்ல. தெருமுனைல லாண்டரிக் கடை. அந்தம்மா மூடின பெட்டிய மூடினபடியே அடக்கம் பண்ணிட்டு, மூணாம் நாள் கடைய திறந்துட்டாங்க. ஜனங்க துணி உள்ள கிடக்குதே, என்ன பண்றது.

வாயாடியோட அம்மா ஒரு பல் டாக்டர்கிட்ட உதவியாளரா இருந்தாங்க. அப்பாவுக்கு கப்பல் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு. அந்தம்மா ஆஸ்பத்திரிலயே படுத்துக்கிட்டாங்க. மூணு ஆபரேஷன். புது மூக்கு, புது கன்னம். தொண்டைல குழாய் போட்டதுல குரல் கரகரன்னு மாறிடுச்சு. எல்லாம் சரி, கண்ணையும் திறந்தா. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. எத காட்டினாலும் சும்மா பார்ப்பா. அவ்ளோதான். கண்ணாடிய காட்டினாலும் அப்படியேதான் பாத்தாளாம்.

ஆனா ஒரு அதிர்ஷ்டம். ஒன்பது மாசம் முன்னாடி கிளினிக்ல இருந்து பாலிடெக்னிக்குக்கு வந்து, விருப்பப்பட்ட பசங்களோட ஞாபகத்த நகல் எடுத்திருந்தாங்க. முதல் ஆளா கை தூக்கினது யாரு? வாயாடிதான். நகல் எடுத்ததே நம்ம டெக்னீஷியன் அக்காதான். ரெண்டு மணி நேரமும் அந்தப் பொண்ணு வாய மூடலியாம். "அக்கா, இது வலிக்குமா, நான் பரீட்சைல காப்பி அடிச்சதும் இதுல வந்துடுமா, அத மட்டும் அழிச்சிடுங்கக்கா"ன்னு.

அந்த நகல ஏத்தினாங்க. மூணு நாள், நாளுக்கு கொஞ்சமா. மூணாவது நாள் சாயங்காலம் அந்தப் பொண்ணு கண்ணத் திறந்து அம்மாவப் பாத்து, "ம்மா... என்ன இப்படி இளைச்சுட்ட?"ன்னு கேட்டா.

வார்டே அழுதுச்சாம். அக்காவும் அழுதாங்க. அந்தம்மா மட்டும்... அழல. அவ கைய பிடிச்சுக்கிட்டு, அவ வாயையே பாத்துட்டு இருந்தாங்களாம்.

வீட்டுக்கு கூட்டிட்டுப் போனாங்க. பழைய வாயாடியேதான். அதே கிண்டல், அதே பிடிவாதம். "டாக்டர் நல்ல மூக்கா பாத்து வெச்சிருக்காரு, பழசு கொஞ்சம் சப்பை"ன்னு அவளே சொல்லுவா. ஆனா வாரா வாரம் கிளினிக்குக்கு பரிசோதனைக்கு வரும்போது அக்காகிட்ட ஒண்ணொண்ணா சொல்ல ஆரம்பிச்சா.

"அக்கா, என் செருப்பெல்லாம் எனக்குச் சின்னதா இருக்கு."

படுத்தே கிடந்ததுல கால் வீங்கியிருக்கும்னாங்க அக்கா.

"அக்கா, விடிகாலைல டக்னு முழிப்பு வருது. தினமும். நாலே முக்காலுக்கு. மூக்குல ஒரு வாடை... ஈரத் துணிய சூடு பண்ணினா வருமே, அந்த வாடை. எங்க வீட்ல அந்த நேரத்துல யாரும் இஸ்திரி போட மாட்டாங்களே!"

அப்புறம் ஒரு நாள், சிரிச்சுக்கிட்டே, ஆனா கண்ணு சிரிக்கல: "அக்கா, என் கை என் பேச்ச கேக்க மாட்டேங்குது. சும்மா உட்கார்ந்திருந்தா துணி எடுத்து மடிக்குது. எனக்கு ஜென்மத்துல துணி மடிக்கத் தெரியாது. எங்கம்மாவ கேளுங்க."

அக்கா அத ஃபைல்ல குறிச்சு வெச்சுட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னாங்க.

இப்ப லாண்டரிக்கு வாங்க. விடிஞ்சும் விடியாத நேரம். அந்தம்மா ஷட்டர தூக்குறாங்க... கரகரகரன்னு. லைட்ட போட்டுட்டு, பின்னாடி போய் நீராவி இஸ்திரிய சூடாக்கினாங்க. புஸ்ஸ்ஸ்... அந்த சத்தம் அடங்கினதும் இன்னொரு சத்தம். கவுன்ட்டர்ல துணி உரசற சத்தம். சரக்... சரக்... சரக்...

திரும்பிப் பாத்தா, ஒரு பொண்ணு நிக்குது. ராத்திரி போட்டுத் தூங்கின உடுப்பு, வெறுங்காலு, காலெல்லாம் சேறு. தெரியாத முகம். ஆனா அது சட்டை மடிக்கிற விதம்... காலர தாடைக்கு அடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் கைப்பகுதிய பின்னால தள்ளி, ஒரே உதறல்ல கீழ வைக்குது. அந்தக் கடைல அப்படி மடிக்கிறது ஒரே ஒருத்திதான். அந்தம்மாகூட அப்படி மடிக்க மாட்டாங்க. "சட்டைல எச்சி படும்டி"ன்னு திட்டித் திட்டி அலுத்துப்போன விஷயம் அது.

அந்தம்மா தன் மக பேர சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க.

பொண்ணு நிமிர்ந்துச்சு. கண்ணு திறந்துதான் இருக்கு, ஆனா அப்பதான் முழிக்கிற மாதிரி. சுத்திப் பாத்துச்சு. பயந்துபோய், "ஆன்ட்டி... நான் எப்படி இங்க வந்தேன்?"னு கேட்டுச்சு.

பக்கத்துல பதினாலு சட்டை. மடிச்சு அடுக்கி.

அந்தப் பொண்ணுகிட்ட எல்லாம் விசாரிச்சுட்டு, அன்னிக்கு மத்தியானமே அந்தம்மா கிளினிக்குக்கு வந்துட்டாங்க. கைல ஒரே ஒரு சட்டை. அத அக்காவோட மேஜை மேல வெச்சாங்க. சத்தம் போடல, சண்ட போடல. "இத மடிச்சது என் பொண்ணு. உள்ள யார வெச்சிருக்கீங்க?"

இதுக்கு மேலதான் அக்கா தன் தங்கச்சிகிட்ட தவிர யார்கிட்டயும் சொல்லாதது. நகல ஏத்தறதுக்கு முன்னாடி, நகல் எடுத்த அன்னிக்கு பிடிச்ச தலை ஸ்கேனையும் இப்ப பிடிச்சதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும். அது விதி. அக்கா பாக்கல. இத்தன எலும்பு நொறுங்கின தலை, எப்படியும் ஒத்துப் போகாது, இதுல என்ன பாக்கறதுன்னு விட்டுட்டாங்க. அஞ்சு நிமிஷ வேலை.

அந்தம்மா போனதும் கதவ சாத்திட்டு ரெண்டையும் திறந்தாங்க. அடிபடாத எலும்பும் இருக்குமே... காதுக்குப் பின்னாடி இருக்கறது, பிடரில இருக்கறது. பாத்தாங்க. திரும்பப் பாத்தாங்க. ரெண்டும் ரெண்டு தலை.

பாலிடெக்னிக் வாட்ச்மேன்கிட்ட போய்க் கேட்டாங்க. அவரு யோசிக்கவே இல்ல. "ஆமாம்மா, அந்த அமைதியான பொண்ணுக்கு அன்னிக்குக் காய்ச்சல். நடுங்கிட்டு இருந்துச்சு. மத்தது தன் ஜாக்கெட்ட கழட்டி அதுக்குப் போட்டு விட்டுதான் வண்டிய எடுத்துச்சு. என்கிட்ட யாரும் கேக்கலியே."

புரியுதா? உயிரோட இருக்கறது கமுக்கத்தோட உடம்பு. உள்ள இருக்கறது செத்துப்போன வாயாடி. பேய் புடிச்சதுன்னு சொல்லுவாங்கல்ல... இது தானா வந்து புடிக்கல. ரசீது போட்டு, குழாய் மாட்டி, நம்ம அக்காதான் ஏத்தி விட்டாங்க.

ஏய், போர்வைய இழுக்காத. எல்லாருக்கும்தான் பயமா இருக்கு.

அக்கா நேரா பல் டாக்டர் கிளினிக்குக்குப் போனாங்க. சாயங்காலம், நோயாளிங்க எல்லாம் போயாச்சு. கிராம்பு எண்ணெய் வாடை. வாயாடியோட அம்மா கருவிங்கள ஒண்ணொண்ணா தட்டுல அடுக்கிட்டு இருந்தாங்க. டிங்... டிங்... அக்கா தட்டுத் தடுமாறி எல்லாத்தையும் சொல்லி முடிச்சாங்க. அந்தம்மா கை நிக்கவே இல்ல.

"தெரியும்"னாங்க.

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. ஆஸ்பத்திரில வாய் துடைக்கும்போது. என் பொண்ணுக்குக் கீழ் வரிசைல இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லு கிடையாது. விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி இதே நாற்காலிலதான் பிடுங்கினது. தட்ட நான்தான் பிடிச்சிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு வாயில அந்தப் பல்லு இருந்துச்சு."

"அப்புறம் ஏங்க சொல்லல? அந்த லாண்டரி அம்மா..."

"சொல்லலாம்னுதான் மூணு வாரமா இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு. அதுக்குள்ள நீங்க ஏத்திட்டீங்க. அவ கண்ணத் திறந்து 'ஏன் இளைச்சுட்ட'ன்னு கேட்டா." அந்தம்மா முதல் தடவையா நிமிர்ந்து பாத்தாங்க. "உங்க பொண்ணு கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா?"

அப்பதான் கதவுகிட்ட ஒரு சின்ன சத்தம். அம்மாவ கூட்டிட்டுப் போக வந்திருந்தா அந்தப் பொண்ணு. எவ்ளோ நேரமா நின்னாளோ... நாக்கால வாய்க்குள்ள துழாவிக்கிட்டு இருந்தா. இடது பக்கம், கீழ.

"அப்போ... நான் செத்துட்டேனா?"

வாயாடிதானே, பதிலுக்குக் காத்திருக்காம அடுத்தத கேட்டா. "என்னைய எங்க வெச்சிருக்கீங்க?"

அன்னிக்கே அக்காதான் கூட்டிட்டுப் போனாங்க. ஊருக்கு வெளிய இடுகாடு. ஈர மண் வாடை, காலடில ஜல்லி நெறிபடற சத்தம். கல்லுல கமுக்கத்தோட பேரு. அந்தப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து, மண்ண தடவிப் பாத்தாளாம். தூங்கற பிள்ளைய தடவற மாதிரி. ரொம்ப நேரம் பேசவே இல்ல. அவ பேசாம இருந்து அக்கா பாத்தது அந்த ஒரு தடவதான்.

அப்புறம் சொன்னா: "என் சாவுக்கு ஒருத்தர்கூட எனக்காக அழல, பாத்தீங்களாக்கா? வந்தவங்க எல்லாரும் அவளுக்குன்னு நினைச்சுதான் அழுதாங்க."

கைல ஒட்டின மண்ண தட்டிட்டு: "அவ வீட்டுக்குள்ள பூந்துக்கிட்டு, அவளையே வெளிய தள்ளிக் கதவ சாத்திட்டு உட்கார்ந்திருக்கேன் நான். தினமும் நாலே முக்காலுக்கு வந்து கதவ தட்டறா. என்னைய எடுத்துடுங்கக்கா."

ஏத்தினத இறக்க முடியும். மிஷின் அதுக்கும் ஆனதுதான். ஆனா மேல இருக்கறத எடுத்துட்டா அடியில என்ன இருக்கும்? எந்தப் புத்தகத்துலயும் இல்ல. கமுக்கம் இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். கிளினிக்கோட பெரிய டாக்டருக்கு விஷயம் போனதும், ரெண்டு அம்மாவும் கையெழுத்து போட்டா பாக்கலாம்னு ஒதுங்கிட்டாரு.

லாண்டரி அம்மா மாட்டேன்னுட்டாங்க. நெனச்சுப் பாருங்க, அவங்களேதான் மாட்டேன்னாங்க. "பேசுற பொண்ண அழிச்சிட்டு என் பொண்ண குடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. இப்படியே இருக்கட்டும். வாரத்துல ஒரு நாள் கடைக்கு வந்துட்டுப் போகட்டும். அந்தக் கைய பாத்துட்டு இருந்துடறேன்."

வாயாடியோட அம்மா, அக்கா பண்ணின போன எடுக்கவே இல்ல.

அந்தப் பொண்ணுதான் ரெண்டு பேரையும் சம்மதிக்க வெச்சா. லாண்டரிக்கு நாலு நாள் போனா. என்ன பேசினான்னு தெரியாது, அஞ்சாவது நாள் அந்தம்மா கையெழுத்து போட்டாங்க. தன் அம்மாகிட்ட சொன்னது மட்டும் அக்காவுக்குத் தெரியும், ஏன்னா கிளினிக் வராண்டாவுலதான் சொன்னா. "ம்மா, நீ இன்னும் என்னைய அழுது அனுப்பவே இல்ல. நானும் போகாம நிக்கறேன், நீயும் அழாம நிக்கற. எத்தன நாளைக்கு இப்படியே நிக்கறது ரெண்டு பேரும்?"

அந்தம்மா உடைஞ்சது அப்பதான். தரைல உட்கார்ந்து அழுதாங்களாம். வராண்டாவுல இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. பொண்ணு அவங்க தலைய தன் வயித்தோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, "ம்... ம்..."னு முதுக தட்டிக் குடுத்துட்டே இருந்தா.

இறக்கறதுக்கு நாலு மணி நேரம். தலைல தொப்பி மாதிரி ஒண்ணு, அதுலேர்ந்து வயருங்க. மிஷின் ஓடுற சத்தம் ஈ மொய்க்கற மாதிரி... ம்ம்ம்ம்... கடைசி வரைக்கும் பேசிட்டே இருந்தா. சின்ன வயசு கதை, பாலிடெக்னிக் கதை. ஆனா கொஞ்சம் கொஞ்சமா பேச்சுல ஆளுங்க குறைஞ்சுட்டே வந்தாங்க. முதல்ல வாத்தியார் பேரு வரல. அப்புறம் அப்பா எங்க வேலை பாக்கறாருன்னு வரல. அப்புறம், "அங்க நின்னு அழறாங்களே, அவங்க யாருக்கா?"ன்னு கேட்டா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னது அவ அம்மா.

கடைசியா அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, ஒண்ணு கேக்க மறந்தே போயி..."

அவ்ளோதான். வாய் பாதில நின்னுச்சு. மிஷினும் நின்னுச்சு.

ஒரு மணி நேரம் அசைவே இல்ல. ரெண்டு அம்மாவையும் உள்ள விட்டாங்க. கட்டிலுக்கு வலது பக்கம் லாண்டரி அம்மா, கால்மாட்டுல வாயாடியோட அம்மா. மூச்சு விடற சத்தம் மட்டும்தான். அந்தப் பொண்ணு கண்ணத் திறந்துச்சு. மெதுவா ஒருத்தர பாத்துச்சு, அப்புறம் இன்னொருத்தர பாத்துச்சு. திரும்பவும் இந்தப் பக்கம். அப்புறம் லாண்டரி அம்மா கைய பிடிச்சு, ரொம்பச் சின்னக் குரல்ல...

"அம்மா."

வாயாடியோட அம்மா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க கிளினிக் பக்கமே வரல. கமுக்கம் தன் வீட்டுக்குப் போயிட்டா. பேச்சு கம்மி, கேட்டா பாதி பதில். லாண்டரி அம்மா முகத்துல அப்படி ஒரு களை. அக்காவுக்கும் மூணு மாசத்துக்கு அப்புறம் ஒழுங்கா தூக்கம் வந்துச்சு. தப்பு பண்ணினோம், சரி பண்ணிட்டோம்னு.

பொறுங்க. எங்க எழுந்திருக்கறீங்க? இன்னும் முடியல.

ஆறு மாசம் இருக்கும். அக்கா அந்த வழியா போனப்போ, பாத்துட்டுப் போகலாம்னு லாண்டரிக்குள்ள போனாங்க. நல்ல வெயில், மத்தியானம். இஸ்திரி சூடு முகத்துல அடிக்குது. லாண்டரி அம்மா அக்காவ பாத்ததும் சந்தோஷமாயிட்டாங்க, தண்ணி கொண்டு வர்றேன்னு உள்ள போனாங்க. கவுன்ட்டர்ல அந்தப் பொண்ணு மட்டும். உள்ள குழாய் திறக்கற சத்தம் கேட்டதும் அது கைவேலைய நிறுத்திட்டு அக்கா பக்கம் வந்துச்சு.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம் அவங்க."

"என்னம்மா?"

"அன்னிக்கு நான் கண்ணத் திறந்தப்போ ரெண்டு பேரு நின்னாங்க. ரெண்டு பேரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு ரெண்டு பேரையும் தெரியல. யாரையாவது ஒருத்தர அம்மான்னு கூப்பிட்டாதான் விடுவாங்கன்னு தோணுச்சு." மடிச்ச சட்டைய நேரா தள்ளி வெச்சுச்சு. "கைக்கு எட்டினவங்கள கூப்பிட்டேன்."

அக்கா அது கைய பிடிச்சுக்கிட்டு, "சீக்கிரம் வந்துடும்மா. பயப்படாத. ரெண்டு பேர்ல ஒருத்தியாவது உள்ள எங்கயாச்சும் இருப்பா..."ன்னு சொன்னாங்க.

அது தலைய ஆட்டிச்சு. உள்ள குழாய் மூடற சத்தம். கவுன்ட்டர் மேல சாய்ஞ்சு, அக்கா காது கிட்ட வாய கொண்டு வந்து, ரகசியம் சொல்ற மாதிரி சொல்லுச்சு...

"இல்லக்கா. நான் ஒவ்வொரு இடமா தேடிப் பாத்துட்டேன். உள்ள நான் மட்டும்தான் இருக்கேன்."